வெற்றிலை கேட்ட இடம்

நான் எழுதிய கதையை அடுத்தவர் வாயால் முதன்முதலாகக் கேட்டது சங்கராபுரம் பஸ்ஸில். காலை நேரத்துக் கூட்டம். எனக்குப் பின்சீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தி சொல்லிக்கொண்டு வருகிறாள், இன்னொருத்தி உம் கொட்டிக்கொண்டு வருகிறாள்.

"எங்க சின்னம்மா ஊர்லதான் நடந்துச்சி. அந்தப் பொண்ணு புருஷன் வூட்ட வுட்டு வந்துட்டா. வந்தவ நேரா அப்பன் வூட்டுக்குப் போவல. கெணத்தடியில குந்திக்கினு, கட்டிக்கினு வந்த பொடவையையே அலசிக்கினு இருக்கிறா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பெண்ணைக் கிணற்றடியில் உட்கார வைத்தவளே நான்தான். முந்தின நாள் சாயங்காலம் எழுதி முடித்து, எதிர்வீட்டு நர்சம்மாவிடம் படித்துப் பார்க்கச் சொல்லிக் கொடுத்திருந்தேன். இப்போது அந்த நர்சம்மாதான் மடியில் தடுப்பூசிப் பெட்டியை வைத்துக்கொண்டு, கோழிக்கூடையோடு வந்த யாரோ ஒரு பெண்ணிடம் அதை ஊர்வம்பாக மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் திரும்பவில்லை. காதை மட்டும் பின்னால் வைத்துக்கொண்டேன்.

கதையில் அந்தப் பெண் தன் அம்மாவை நினைத்துக்கொள்கிற இடம் ஒன்று உண்டு. நிலா, முருங்கைப்பூ, அம்மாவின் கைமணம் என்று ஒரு பக்கத்துக்கு எழுதி, நானே படித்துப் படித்துப் பூரித்துப்போயிருந்த இடம். நர்சம்மா அங்கே வந்ததும் கோழிக்கூடைக்காரி கேட்டாள்: "யம்மா, வெத்தல வெச்சிருக்கிறியா?"

அன்று மாலை நர்சம்மா காகிதங்களைத் திருப்பிக் கொடுத்தபோது நிலாப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் 'வெ' என்று எழுதியிருந்தது. "இங்க அந்தம்மா வெத்தல கேட்டுச்சி. இங்கேருந்து இது வரைக்கும் எடுத்துடு" என்றார். எனக்குக் கோபம் வந்தது. வெற்றிலை கேட்டவளுக்கு இலக்கியம் என்ன தெரியும் என்றேன். "தெரியாதுதான். ஆனா அதுக்கு முன்னாடி வரைக்கும் அதுக்கு வெத்தல ஞாபகமே வரலியே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஒரு வாரம் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு நிலாவை எடுத்தேன். பத்திரிகையில் வந்த என் முதல் கதை அதுதான்.

அவர் சங்கராபுரத்துக்கு அப்பால், கல்வராயன் மலையடிவாரத்தில் ஒரு துணை சுகாதார நிலையத்தில் கிராம நர்சாக இருந்தார். நான் சங்கராபுரத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். இருவருக்கும் வீடு கள்ளக்குறிச்சியில், ஒரே தெருவில் எதிரெதிரே. வயதும் ஏறக்குறைய ஒன்றுதான். அவருடையது மலையடிவாரத்துக் கிறிஸ்தவக் குடும்பம். கணவர் பட்டாளத்தில் இருந்தார். நான் 'சிஸ்டர்' என்று கூப்பிடுவேன். ஊர் நர்சம்மா என்றது. வீட்டுக்கு வந்தால் முதலில் பெட்டியை நிழலில் வைப்பார், அப்புறம் செருப்பைக் கழற்றுவார், அப்புறம்தான் நம் முகத்தைப் பார்ப்பார். வாரப் பத்திரிகை எல்லாவற்றையும் வாங்குவார். ஆனால் ஒரு வரி எழுதமாட்டார். எழுதச் சொன்னால், "பேனாவ எடுத்தா வாய் மூடிக்குது" என்பார்.

வாய் திறந்தால் மூடாது என்பதும் உண்மை. மலைக்குப் போகும் பஸ்ஸில், கரும்பு வெட்டுகிற இடத்தில், ஊசி போட வரிசையில் நிற்கிற தாய்மார்களிடம், என் கதைகளையெல்லாம் நடந்த சங்கதியாகச் சொல்லிவிட்டு வருவார். கதை என்று மட்டும் சொல்லமாட்டார். சொன்னால் மரியாதைக்காகக் கேட்பார்களாம், அது உதவாதாம். மாலையில் என் காகிதத்தின் ஓரத்தில் குறிகள் ஏறும். 'வெ' என்றால் வெற்றிலை. 'ஜ' என்றால் கேட்டவர் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். 'அ' என்றால் 'அப்புறம்?' என்று கேட்டார். சிலருக்கு ஜன்னல் பார்ப்பதே பழக்கமாயிற்றே என்று நான் வாதாடுவேன். "அதுக்குத்தான் மூணு நாலு பேருகிட்ட சொல்றேன். எல்லாருமா அதே எடத்துல திரும்புவாங்க?" என்பார். திரும்பித்தான் இருந்தார்கள், என்ன செய்ய.

எல்லாவற்றிலும் உயர்ந்த குறி ஒன்று இருந்தது. கேட்டவர் இறங்கவேண்டிய ஸ்டாப்பிங்கை விட்டுவிட்டால் அந்த இடத்தில் ஒரு வட்டம் போடுவார். எனக்கு இரண்டொரு வட்டம்தான் வாழ்க்கையில் கிடைத்தது. பிற்காலத்தில் யார் யாரோ பொன்னாடை போர்த்தியிருக்கிறார்கள், அந்த வட்டத்துக்கு ஈடாகவில்லை.

பத்திரிகைக்குக் கதை அனுப்பும்போது ஆசிரியருக்கு நீளமாக ஒரு கடிதம் வைப்பது என் வழக்கம். எப்படி இந்தக் கதை பிறந்தது, எத்தனை இரவு தூங்கவில்லை என்றெல்லாம் உருகியிருப்பேன். ஒருநாள் அதைப் பார்த்துவிட்டார். "ஊசி போடக் கூட்டிக்கினு வர்றப்ப கொழந்தையப் பத்தி அம்மாக்காரி ரொம்பப் பேசினா, எனக்கு சந்தேகம் வந்துடும், கொழந்தைக்கு இன்னாவோ இருக்குதுன்னு. உம் பேரு, விலாசம், போதும்." அதோடு கடிதம் நின்றது.

கதை திரும்பி வந்த நாளில் நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பக்கத்தில் வந்து கொய்யாக்காயை உப்பு மிளகாய்த்தூளில் தொட்டுத் தின்றுகொண்டே சொல்வார்: "ஒரு ஊசியோட வுட்டுடறமா? கொஞ்ச நாள் கழிச்சி மறுபடியும் போடறோம் இல்ல." கோபம் கொய்யாக்காயோடு இறங்கிவிடும்.

கதைமாந்தருக்குப் பேர் வைப்பதில் எனக்குக் கஷ்டம் உண்டு. அவர் அதற்கும் வழி வைத்திருந்தார். "பேரு எவனுக்கும் ஞாபகம் இருக்காது. வூட்டுக்கு அடையாளம் வை. வாசல்ல இன்னா இருக்குது, கதவு இன்னா கலரு, அதச் சொன்னா நம்பிடுவாங்க." இந்த யோசனைதான் எங்களைக் கொண்டுபோய் ஒரு சிக்கலில் மாட்டியது.

இடஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்த வருஷங்கள் அவை. படித்துவிட்டு வேலையில்லாமல் கிடந்த பிள்ளைகள், எங்கள் பங்கு எங்கே என்று ரோட்டில் வந்து உட்கார்ந்தார்கள். கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் ரோட்டோரத்துப் புளியமரங்களெல்லாம் குறுக்கே சாய்ந்தன, பஸ் ஓடவில்லை. நான் வீட்டில் அடைந்து கிடந்தேன். நர்சம்மா தடுப்பூசிப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, சாய்ந்த மரங்களை ஏறி இறங்கி வேலைக்குப் போனார்.

மறியல் முடிந்து வந்தபோது ஒரு சம்பவம் சொன்னார். அடிவாரத்து ஊர் ஒன்றில் சைக்கிள் கடைக்காரர் மனைவிக்கு இடுப்புவலி. வண்டி போக வழியில்லை. கயிற்றுக்கட்டிலில் வைத்து மரத்துக்கு மேலாகத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். பாதி வழியிலேயே இவர் பிரசவம் பார்த்துவிட்டார். தாயும் பிள்ளையும் சுகம். அவருக்கு அது அன்றைய வேலை. எனக்குத் தூக்கம் போய்விட்டது.

என் கதையில் அந்தக் குழந்தை செத்துப்போனது. சில நாள் கழித்து, மரம் வெட்டின பிள்ளைகளைத் தேடிப் போலீஸ் ஜீப் ஊருக்குள் வருகிறது. யார் என்று கேட்கிறார்கள். குழந்தையைப் பறிகொடுத்தவன் எதுவும் பேசாமல் விரலை மட்டும் நீட்டுகிறான். விரல் நீண்ட திசையில் அவனுடைய அக்காள் மகன் நிற்கிறான்.

படித்துவிட்டு நர்சம்மா காகிதங்களை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். "இதச் சொல்லிப் பாக்கணும்" என்றார். இந்த நேரத்திலா என்று நான் தயங்கினேன். நிஜமாகவே ஜீப் ஊர் ஊராக வந்துகொண்டிருந்தது, பிள்ளைகள் கரும்புத் தோட்டத்தில் படுத்துக் கிடந்தார்கள். ஆனால் எனக்கும் ஆசைதான். நான்கு நாள் கழித்து முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். நீளமாக இருந்த கதையில் அவருக்கே ஞாபகம் வராத பத்திகளை எல்லாம் கோடு போட்டு அடித்திருந்தார். மிச்சத்தில் ஒரு 'வெ' இல்லை, ஒரு 'ஜ' இல்லை. கடைசியில் வட்டம். "இத பெரிய பத்திரிகைக்கே அனுப்பு" என்றார். மதிய இடைவேளையில் நகலெடுக்கலாம் என்று காகிதங்களைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனேன்.

நகலெடுக்க உட்கார்ந்தபோது சங்கத்துக்கு உரம் வாங்க வந்த விவசாயி ஒருவர், பக்கத்தில் இருந்தவரிடம் பேசிக்கொண்டிருந்தார். "பசங்களக் காட்டிக் குடுத்தது யாருன்னு தெரிஞ்சிபோச்சி. அந்த சைக்கிள் கடைக்காரன்தான். நீலக் கதவு, வாசல்ல வேப்பங்கட்ட கெடக்கும் பாரு, அந்த வூடு. பொண்டாட்டி வலியில துடிச்சப்ப மரம் குறுக்க கெடந்துச்சாம். கொழந்த பொழச்சிக்கிச்சி, ஆத்திரம் போவல. ஜீப்பு வந்ததும் பேசலியாம், வெரல மட்டும் நீட்டினானாம்."

என் விரல். வேறு எவனுக்கும் அது தெரிந்திருக்க வழியில்லை. பேனாவை மூடிக் காகிதங்களைக் கைப்பைக்குள் திணித்தேன்.

"யாருங்க சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"ஊரே சொல்லுது. சாய்ந்தரம் பசங்க போறாங்க, ரெண்டுல ஒண்ணு பாத்துடலாம்னு."

சொல்லாமல் கொள்ளாமல் வெளியே வந்து, நர்சம்மா வேலை முடிந்து வருகிற பஸ்ஸுக்காக பஸ் ஸ்டாண்டில் காத்து நின்றேன். அடிவாரத்திலிருந்து வந்த பஸ்ஸில் நர்சம்மா இறங்கினார். சொன்னதும் முகம் வெளிறிவிட்டது. "எந்த வூடுன்னு ஒருத்தி கேட்டாம்மா. ஏதாவது அடையாளம் சொல்லணும் இல்ல. தெனம் பாக்கிற வூடு வாயில வந்துடுச்சி" என்றார். என் கதையில் கதவுக்கு நிறமே இல்லை. அதைப் பூசியது அவர். திட்டலாம் என்று வாயைத் திறந்தேன், முடியவில்லை. அந்தக் கதவுக்கு உள்ளே இருந்த குழந்தையை வெளியுலகத்துக்கு எடுத்ததும் அவர் கைதான்.

"மொதல்ல எழுதினது வெச்சிருக்கிறியா?" என்றார். இருந்தது. அதே பஸ் திரும்பியபோது ஏறிவிட்டோம்.

நாங்கள் போனபோது பொழுது சாய்ந்திருந்தது. நீலக் கதவு சாத்தியிருந்தது. வாசலில் ஒரு கும்பல். பழைய டயர்களையும் காற்றடிக்கும் பம்பையும் தெருவில் இழுத்துப் போட்டிருந்தார்கள். முன்னால் நின்றது வயசான ஒருவர். அவருடைய மகனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போயிருந்தது.

நர்சம்மா நேரே போய்க் கதவை மறித்து நின்றார். "இவரு யாரையும் காட்டிக் குடுக்கல. நான் சொன்னது கதை. இந்தம்மா எழுதினது."

"நர்சம்மா, நீங்க பிரசவம் பாத்த வூடு. காப்பாத்தத்தான் பாப்பீங்க" என்றான் ஒருவன்.

"கதைன்னா எப்டி இவ்ளோ வெவரமா இருக்கும்? வெரல நீட்டினான்னு சொன்னீங்களே, பாக்காமயா சொன்னீங்க?" என்றான் இன்னொருவன்.

எனக்கு அந்த நேரத்திலும் ஒரு கணம் பெருமையாக இருந்தது. எழுதுகிற புத்தி அப்படி.

நர்சம்மா என் பக்கம் திரும்பினார். "படி. நான் கோடு போட்டதையும் சேத்துப் படி. ஒண்ணு வுடாத."

படித்தேன். தெருவிளக்குக்குக் கீழே நின்றுகொண்டு. "கார்த்திகை மாதத்துக் கருமேகங்கள் கல்வராயன் சிகரங்களைத் தழுவிக்கொண்டிருந்த அந்த அந்திப்பொழுதில்" என்று ஆரம்பம். மேகம் இரண்டு பக்கம் தழுவியது. பிறகு அவன் மனதில் எழுந்த கேள்விகள், கேள்விகளுக்குள் கேள்விகள். முதலில் கம்பைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். பிறகு ஒருவன் கம்பை ஊன்றிக்கொண்டான். ஒருவன் கொட்டாவி விட்டான். இரண்டு பேர் ரோட்டுப் பக்கம் பார்த்தார்கள். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல், "டேய், வெத்தல இருக்குதா?" என்றது. என் வாழ்க்கையில் அவ்வளவு ஆறுதலாக எந்தச் சொல்லையும் கேட்டதில்லை.

"இது புக்குல வர்றது மாதிரிதான்டா இருக்குது" என்றான் விரலைப் பற்றிக் கேட்டவன்.

நான் படித்துக்கொண்டே போனேன். குழந்தை சாகிற இடம் வந்தது. அப்போது கதவுக்கு உள்ளே நிஜக் குழந்தை பசிக்கு அழுதது.

"கதையில செத்துப்போவுது. இவன் கொழந்த உள்ள கத்திக்கினு இருக்குதே" என்றார் ஒருவர்.

அதற்குமேல் யாருக்கும் நிற்கத் தோன்றவில்லை. ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். டயரை இழுத்துப் போட்டவனே திரும்ப எடுத்து வைத்தான். பெரியவர் மட்டும் போகவில்லை. நர்சம்மாவிடம் மெல்லக் கேட்டார்: "அப்ப எம் மவன யாரும்மா காட்டிக் குடுத்தது?"

"தெரியலங்க. தெரியாதத தெரிஞ்ச மாதிரி சொன்னதுதான் நான் பண்ண தப்பு" என்று நர்சம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த மனிதர் அழுதார். ஆத்திரமாவது அவருக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றாக இருந்தது, அதையும் நாங்கள் வாங்கிக்கொண்டுவிட்டோம் என்று எனக்குத் தோன்றியது.

கதவு திறந்தது. சைக்கிள் கடைக்காரர் பின்னால் நிற்க, அவர் மனைவி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். எல்லாம் உள்ளிருந்து கேட்டிருக்கிறாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். "கதையிலயாவது பொழைக்க வெச்சிருக்கலாமேக்கா" என்றாள்.

நான் அந்தக் கதையை எங்கும் அனுப்பவில்லை. அனுப்பச் சொல்லி அவரும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு நர்சம்மா பஸ்ஸில் வாய் திறப்பதே இல்லை என்று கண்டக்டர் சொன்னார். என் கதைகளை வாங்கிப் படித்தார், திருப்பிக் கொடுத்தார். ஓரத்தில் ஒரு குறியும் இல்லை. கேட்டால் "நல்லா இருக்குதும்மா" என்பார். எழுதுகிறவளுக்கு அதைவிடக் கொடுமையான பதில் கிடையாது. வெற்றிலை கேட்டார்கள் என்று சொல்லமாட்டாரா என்று ஏங்கிப்போனேன். அந்தக் காலத்தில் நான் எழுதினதெல்லாம் அச்சில் வந்தது, ஒன்றும் தேறாது.

அவரிடம் ஒருமுறை கெஞ்சிக்கூடப் பார்த்தேன். "நம்பற மாதிரி சொல்றது ஒரு தெறமைன்னு நெனச்சிக்கினு இருந்தேன். போதும்மா" என்றார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

மாற்றல் உத்தரவு வந்து அவர் ஊரை விட்டுப் போவதற்குச் சில நாள் முன்னால், ஒரு காலை, அதே சங்கராபுரம் பஸ். எனக்கு முன்சீட்டில் இடம் கிடைத்தது. பின்னால் அவர் குரல் கேட்டது.

"ஒண்ணு சொல்றேன் கேக்கறியா? இது நடக்கல. கதை. எங்க எதிர் வூட்டம்மா எழுதினது."

"நடக்காததையா சொல்லப்போற?" என்றது இன்னொரு குரல்.

"கேளேன்."

நான் அனுப்பாமல் வைத்திருந்த கதை. மரம் சாய்ந்து கிடக்கிறது. கயிற்றுக்கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

"எந்த வூடு?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"எந்த வூடும் இல்ல. அந்தம்மா மனசுல கட்டின வூடு. நீ போயித் தேடாத."

அந்தப் பெண் சிரித்தாள், ஆனால் விடவில்லை. "சரி, அப்புறம்?" என்றாள். கதை என்று தெரிந்தே கேட்கிறாள். நர்சம்மா ஒரு கணம் நிறுத்தினார். அவருக்கும் அது புதிதாக இருந்திருக்க வேண்டும். பிறகு குரல் பழையபடி இறங்கி ஓட ஆரம்பித்தது. மரத்துக்கு மேலாகக் கட்டில் ஏறுகிறது. பிரசவம் ஆகிறது. நான் கண்ணை மூடிக்கொண்டேன், குழந்தை சாகப்போகிற இடம்.

"கொழந்த அழுதுச்சி" என்றார் நர்சம்மா. "பொழச்சிக்கிச்சி."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் மேலே போய்க்கொண்டிருந்தார். ஊருக்குள் ஜீப் வருகிறது. போலீஸ்காரர் இறங்கி, மரம் வெட்டினது யார் என்று கேட்கிறார். வாசலில் அவன் நிற்கிறான், கையில் குழந்தை இருக்கிறது. எதிரே அக்காள் மகன். குழந்தை பிழைத்துவிட்ட பிறகு இவன் என்ன செய்வான் என்று எழுதின எனக்கே தெரியவில்லை. சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

யாரோ தோளைத் தட்டினார்கள். கண்டக்டர்.

"இன்னாம்மா, சங்கராபுரம் தாண்டி எவ்ளோ தூரம் வந்துட்டோம். நீ எறங்கல?"

பின்னால் பேச்சு நின்றது. திரும்பினேன். நர்சம்மா என்னைப் பார்த்தார். மடியில் இருந்த பெட்டியின் மூடிமேல், விரலால் ஒரு வட்டம் போட்டார்.